கருவாடு வாசம் வருதா? வீட்டு மெயின் போர்டை எப்ப மாத்தணும்னு கண்டுபிடிக்கிற வழி

ஒரு அம்மா போன் பண்ணி, "தம்பி, வீட்டுக்குள்ள எங்கயோ கருவாடு வாசம் வருதுப்பா, நாங்க கருவாடே வாங்குறதில்ல, பல்லி எதுவும் செத்துக் கெடக்கான்னு பீரோவை எல்லாம் நகத்திப் பாத்துட்டோம், ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாங்க. நான் கேட்ட மொத கேள்வி, "ஏசி ஓடும்போது மட்டும் வருதாம்மா?" கொஞ்சம் யோசிச்சுட்டு ஆமாப்பான்னாங்க. உடனே ஏசியை ஆஃப் பண்ணுங்க, மெயினையும் எறக்கிடுங்க, நான் வர்ற வரைக்கும் போடாதீங்கன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தேன்.

போய் போர்டைக் கழட்டிப் பாத்தா, வெள்ளையா இருக்கவேண்டிய பீங்கான் பீஸ் கட்டை ஒரு பக்கம் டீ டிகாஷன் கலர்ல இருக்கு. ஸ்க்ரூவை டிரைவரால லேசா தொட்டா அதுபாட்டுக்கு சுத்துது, அவ்வளவு லூசு. அதுல இருந்து போற ஒயரோட தோல் நாள்பட்ட அப்பளம் மாதிரி காய்ஞ்சு போயி விரலு பட்டதும் பொலபொலன்னு உதிருது. கட்டைக்குள்ள பீஸ் ஒயருக்குப் பதிலா யாரோ அயர்ன் பாக்ஸ் ஒயர்ல இருந்து நாலஞ்சு இழை செம்புக் கம்பிய உருவி முறுக்கிச் சுத்தி வெச்சிருக்காங்க. வீடு கட்டுனது 1986, ஏசி மாட்டுனது ரெண்டு வருஷம் முன்னாடி. பழைய ஹோல்டர், சாக்கெட், சுவிட்ச்ல இருக்குற பிளாஸ்டிக்கும் பேக்லைட்டும் ரொம்ப சூடேறும்போது மீன் வாடை மாதிரிதான் வரும், அதுதான் அந்தக் கருவாடு.

நான் திருச்சி பக்கம் பத்தொன்பது வருஷமா வயரிங் வேலை பாக்குறேன். பழைய வீட்டை வாங்குனவங்க, அப்பா அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து ஏசி, இண்டக்‌ஷன்னு ஒண்ணொண்ணா மாட்டுறவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். உங்களை எலக்ட்ரீஷியனா மாத்துறதுக்கு இல்ல, எப்ப ஆளைக் கூப்பிடணும், வந்த ஆளுகிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான்.

மொதல்ல எதைத் தொடக்கூடாது

மீட்டர், மீட்டர்ல இருக்குற சீல், போஸ்ட்ல இருந்து மீட்டர் வரைக்கும் வர்ற சர்வீஸ் ஒயர், இதெல்லாம் ஈபி சம்பந்தப்பட்டது. அங்க கருகல் தெரிஞ்சாலோ பொறி பறந்தாலோ நீங்களும் தொடாதீங்க, உங்க எலக்ட்ரீஷியனையும் தொட விடாதீங்க, மின்னகம் 94987 94987க்கு போன் போடுங்க. மீட்டருக்கு அப்புறம் வர்றதுதான் உங்க பொறுப்பு. இன்னொன்னு நல்லா மனசுல வெச்சுக்கங்க, மெயின் சுவிட்சை எறக்குனாலும் மீட்டர்ல இருந்து அந்த மெயினுக்கு வர்ற ஒயர்ல கரண்டு இருந்துக்கிட்டேதான் இருக்கும், அதனால மெயின்தான் ஆஃபா இருக்கேன்னு போர்டு மூடியைக் கழட்டாதீங்க. கீழ சொல்றதுல நீங்க செய்யவேண்டியது எல்லாம் பாக்குறது, கேக்குறது, மோந்து பாக்குறது, கணக்குப் போடுறது மட்டுந்தான்.

ஸ்டெப் 1: பகல்ல ஒரு டார்ச்சோட போர்டு முன்னாடி நில்லுங்க

என்ன இருக்குன்னு பாருங்க. மரப்பெட்டி மேல ஹைலம் ஷீட் அடிச்சு அதுல பீங்கான் பீஸ் கட்டை வரிசையா இருந்தா, பக்கத்துல கைப்பிடி வெச்ச இரும்பு மெயின் இருந்தா, அது அநேகமா 90களுக்கு முந்தின போர்டு. பழசுங்குறதுக்காகவே மாத்தணும்னு நான் சொல்ல மாட்டேன், சரியான பீஸ் ஒயர் போட்டு ஸ்க்ரூவெல்லாம் டைட்டா இருந்து லோடும் அதே பழைய லோடா இருந்தா அது பாட்டுக்கு ஓடும். ஆனா அப்படி ஒரு வீட்டை நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

மஞ்சளடிச்ச பிளாஸ்டிக், கருகுன தடம், சுவிட்சைச் சுத்தி சுவத்துல புகை படிஞ்ச மாதிரி நிழல், மழை பெய்யும்போது போர்டுக்கு மேல சுவர் ஈரமாகுறது, போர்டுக்குள்ள எறும்பு பல்லி போய் வர்ற ஓட்டை, இதுல எது கண்ணுல பட்டாலும் குறிச்சு வைங்க. பீஸ் கட்டை ரெண்டு ரெண்டா ஜோடியா இருந்தா இன்னும் கவனம், அந்தக் காலத்துல ஃபேஸுக்கு ஒரு பீஸ், நியூட்ரலுக்கு ஒரு பீஸ்னு போடுவாங்க. நியூட்ரல் பீஸ் மட்டும் போச்சுன்னா லைட்டும் எரியாது ஃபேனும் ஓடாது, சரி கரண்டு இல்லன்னு நெனச்சு ஹோல்டர்ல கை வெப்பீங்க, ஆனா அங்க ஃபேஸ் அப்படியே நிக்கும். இப்ப நியூட்ரல்ல பீஸ் போடவே கூடாது. உங்க வீட்ல அப்படி இருந்தா மேல படிக்க வேண்டாம், போர்டை மாத்தியே ஆகணும்.

எம்சிபி (லோடு கூடுனா தானா விழுற சுவிட்ச்) வரிசையா மாட்டுன டிபி பாக்ஸ் இருந்தா உடனே நிம்மதி ஆயிடாதீங்க. அதுல 'டெஸ்ட்'னு ஒரு குட்டி பட்டன் எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. இல்லன்னா ஷாக்ல இருந்து ஆளைக் காப்பாத்துற ஆர்சிசிபி இல்லன்னு அர்த்தம், அதைப் பத்தி பின்னாடி வர்றேன்.

ஸ்டெப் 2: சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்ப வாங்க

வீட்ல எல்லாம் ஓடுற நேரம் அதுதான். போர்டு பக்கத்துல காது குடுத்துக் கேளுங்க, சர்ர்னு எண்ணெயில அப்பளம் போட்ட மாதிரி சின்னதா சத்தம் வந்தா எங்கயோ ஸ்க்ரூ லூசாகி பொறி அடிக்குதுன்னு அர்த்தம். வாசம் பாருங்க. டிபி பாக்ஸோட பிளாஸ்டிக் மூடி மேல புறங்கையை வெச்சுப் பாருங்க (இரும்புப் பெட்டியா இருந்தா கை வெக்காதீங்க), வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, கைய எடுக்கத் தோணுற அளவு சூடுன்னா அது சாதாரணமில்ல. ஏசி பிளக், கீசர் பிளக்கைப் பாக்கணும்னா மொதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் உருவி அந்தப் பின்னைப் பாருங்க, நீலமாவோ கருப்பாவோ மாறியிருந்தா சாக்கெட் உள்ள புடிமானம் போயிடுச்சு.

மோட்டார் போட்டதும் லைட் ஒரு நொடி மங்கி திரும்பி வந்தா அது சகஜம், மோட்டார் கெளம்பும்போது பல மடங்கு கரண்டு இழுக்கும். ஆனா ஒரு ரூம்ல லைட் மங்கும்போது இன்னொரு ரூம்ல லைட் ரொம்ப பளிச்சுன்னு எரிஞ்சா, ஃபேன் திடீர்னு வேகமா சுத்துனா, அது நியூட்ரல் கோளாறு, அதுவும் த்ரீ ஃபேஸ் வீடுன்னா 230 வோல்ட் வரவேண்டிய எடத்துல 400 பக்கம் ஏறி டிவி ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிடும். அந்த நிமிஷமே மெயினை எறக்குங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு வெக்காதீங்க.

ஸ்டெப் 3: லோடு கணக்கு

ஒரு பேப்பரை எடுத்து வீட்ல இருக்குற சாமான் எல்லாத்தையும் எழுதி பக்கத்துல வாட்ஸ் போடுங்க, சாமான் பின்னாடி ஸ்டிக்கர்லயே இருக்கும். மொத்த வாட்ஸை 230ஆல வகுத்தா ஏறக்குறைய எத்தன ஆம்ப்ஸ்னு வந்துடும்.

அந்த அம்மா வீட்டையே எடுத்துக்குவோம். 1986ல நாலு ஃபேன், ஆறேழு ட்யூப்லைட், ஒரு டிவி, மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ். எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டாலும் 2000 வாட்ஸ் சொச்சம்தான், ஒம்போது ஆம்ப்ஸ். அதுக்கு ஏத்த மாதிரிதான் போர்டு போட்டிருக்காங்க, போட்டவரு மேல தப்பே இல்ல. இன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒன்றரை டன் ஏசி ரெண்டு, ஒண்ணுக்கு 1600ன்னு 3200, இண்டக்‌ஷன் அடுப்பு 1800, ஒரு ஹெச்பி மோட்டார் 1000 பக்கம், ஃபிரிட்ஜ் 200, லைட்டு ஃபேனு டிவி 400. மொத்தம் 6600, வகுத்தா கிட்டத்தட்ட 29 ஆம்ப்ஸ். மழைக்காலத்துல 2000 வாட்ஸ் கீசரும் சேந்தா 8600, அது 37 ஆம்ப்ஸுக்கு மேல. ஒம்போதுக்குப் போட்ட போர்டுல முப்பத்தேழு! கரண்டு ரெண்டு மடங்கானா ஒயர்ல சூடு ரெண்டு மடங்காகாது, நாலு மடங்காகும், நாலு மடங்கு கரண்டுன்னா பதினாறு மடங்கு சூடு. அப்பளமா உதிர்ந்த ஒயர் தோலுக்கு அதுதான் காரணம்.

இந்தக் கணக்கை ஈபில உங்க பேருக்கு இருக்குற அனுமதிச்ச லோடோட ஒத்துப் பாருங்க. அதை மீறுதுன்னா கூடுதல் லோடு கேட்டு விண்ணப்பம் குடுக்கணும், தேவைப்பட்டா சிங்கிள் ஃபேஸ்ல இருந்து த்ரீ ஃபேஸுக்கு மாறணும். உள்ள போர்டு என்னதான் புதுசா போட்டாலும் வெளிய இருந்து வர்ற சர்வீஸ் ஒயர் பழசுதான்னா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு.

ஏற்கனவே த்ரீ ஃபேஸ் இருக்குற வீட்ல ஒரு பழக்கம் உண்டு, ஒரு ஃபேஸ் போச்சுன்னா ஃபேஸ் மாத்துற சுவிட்சான சேஞ்சரைத் திருப்பி, இல்லன்னா பீஸ் கட்டையப் புடுங்கி மாத்தி, மொத்த லோடையும் இருக்குற ஃபேஸுக்குத் தள்ளுறது. லைட்டு ஃபேனுக்கு சரி. ரெண்டு ஏசியும் ஒரே ஃபேஸ்ல வந்து விழுந்தா அந்த ஒயரும் நியூட்ரலும் தாங்காது, அந்த நேரத்துல தயவுசெஞ்சு ஒரு ஏசிய நிறுத்திடுங்க.

ஸ்டெப் 4: ஒயரைப் பாக்காம போர்டை மாத்தாதீங்க

இந்த ஒரு எடத்துலதான் நெறைய பேரு ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு (தானா விழுதுன்னு) ஆளைக் கூப்பிட்டா அவரு 16 ஆம்ப்ஸ் எம்சிபிய எடுத்துட்டு 32 போட்டுட்டுப் போயிடுவாரு, அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து ட்ரிப்பே ஆகாது, வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், இருநூறு ரூபா குடுத்து அனுப்பிடுவாங்க. அங்கதான் ஆபத்து ஆரம்பிக்குது, ஏன்னா எம்சிபி காப்பாத்துறது சுவத்துக்குள்ள இருக்குற ஒயரை, ஏசியவோ ஃபிரிட்ஜையோ இல்ல. ஒயர் தாங்குற அளவைவிட எம்சிபி பெருசா இருந்தா, எம்சிபி விழுறதுக்கு முன்னாடி ஒயர் எரிஞ்சிடும்.

நான் போடுற கணக்கு இது: லைட்டு ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், அதுக்கு 6 இல்லன்னா 10 ஆம்ப்ஸ் எம்சிபி. பவர் பிளக்குக்கு 2.5 ஒயர், 16 ஆம்ப்ஸ். ஏசி, கீசருக்கு தனித்தனியா 4 ஒயர், 20 ஆம்ப்ஸ், ஒவ்வொண்ணும் போர்டுல இருந்து நேரா வரணும், நடுவுல வேற எந்த பிளக்கும் அதுல தொங்கக்கூடாது. மெயின் லைன் லோடைப் பொறுத்து 6 இல்லன்னா 10.

பழைய ஆளுங்க 1/18, 3/22, 3/20, 7/20ன்னு நம்பர்ல சொல்லுவாங்க. 3/20ன்னா கிட்டத்தட்ட 2 ஸ்கொயர் எம்எம், 7/20ன்னா நாலரை, 3/22ன்னா ஒண்ணேகால் கூட இல்ல. உங்க வீட்டுப் பழைய பில்லுல இந்த நம்பர் இருந்தா இப்படிப் புரிஞ்சுக்கலாம். 1/18 அலுமினியம் ஒத்தக்கம்பியா இருந்தா மட்டும் யோசிக்கவே வேண்டாம், அலுமினியம் சூட்டுல விரிஞ்சு சுருங்கி ஸ்க்ரூவுக்குள்ள தானா லூசாகும், மேல ஒரு படலம் படியும், செம்போட சேத்து முறுக்குனா அந்த ஜாயிண்ட் அரிச்சுப்போகும். அந்த வீட்டுக்கு புது டிபி மட்டும் போடுறது நெஞ்சுவலிக்காரருக்கு புதுச் சட்டை போட்டு அனுப்புற மாதிரி, ஒயரையும் சேத்துத்தான் மாத்தணும்.

இன்னொன்னு, எம்சிபி ட்ரிப் ஆகலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தமில்ல. 16 ஆம்ப்ஸ் எம்சிபில 18 ஆம்ப்ஸ் போனா ஒரு மணி நேரம் ஆனாலும் அது விழாது, 23 ஆம்ப்ஸ் தாண்டுனாத்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள விழும், தரநிர்ணயமே அப்படித்தான். லூஸ் ஸ்க்ரூவை அது கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. அதனாலதான் காதையும் மூக்கையும் நம்பச் சொன்னேன்.

ஸ்டெப் 5: எர்த்தும் ஆர்சிசிபியும்

எம்சிபி ஒயரைக் காப்பாத்தும்னா ஆளைக் காப்பாத்துறது ஆர்சிசிபி. ஈரக்கையோட வாஷிங் மெஷினைத் தொட்டு ஷாக் அடிக்கும்போது ஒடம்பு வழியா போற கரண்டு ஒரு ஆம்ப்ஸ்ல பத்துல ஒரு பங்கு இருந்தாலே உயிரு போயிடும், அந்தக் கரண்டுக்கு 16 ஆம்ப்ஸ் எம்சிபி அசையக்கூட அசையாது. ஆர்சிசிபி என்ன பண்ணும்னா, ஃபேஸ்ல போன கரண்டு அத்தனையும் நியூட்ரல்ல திரும்பி வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கும், வீட்டுக்கு வாங்கவேண்டிய 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபில அந்த அளவு குறைஞ்சாலே கண் சிமிட்டுற நேரத்துல கட் பண்ணிடும். தமிழ்நாட்டுல புது கனெக்‌ஷனுக்கு இதைக் கட்டாயமாக்கிட்டாங்க. பழைய வீட்டுக்கு யாரும் வந்து கேக்க மாட்டாங்க, நாமளேதான் போட்டுக்கணும். வேற எதுக்கும் காசு இல்லன்னாலும் இதுக்கு மட்டும் எப்படியாவது ஒதுக்குங்கன்னு நான் எல்லா வீட்லயும் சொல்றேன். ஆனா ஃபேஸையும் நியூட்ரலையும் ரெண்டு கையில புடிச்சா இதுவும் காப்பாத்தாது, ஓவர்லோடுக்கும் இது விழாது, எம்சிபி கூடவே இருக்கணும்.

எர்த்து இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா பிளக்குல மூணாவது ஓட்டை இருக்கு. அந்த ஓட்டைக்குப் பின்னாடி என்ன இருக்குங்குறதுதான் கேள்வி. ஒருதரம் ஒரு வாடகை வீட்ல ஃபிரிட்ஜ் தொட்டா சுரீர்ங்குதுன்னு கூப்பிட்டாங்க, சாக்கெட்டைக் கழட்டுனா எர்த்து ஒயரே வரல, ரெண்டு அங்குலத்துக்கு ஒரு துண்டு ஒயரை வெட்டி நியூட்ரல் ஸ்க்ரூவுக்கும் எர்த்து ஸ்க்ரூவுக்கும் பாலம் போட்டு வெச்சிருக்காங்க. நியூட்ரல் எங்கயாவது விட்டுப்போச்சுன்னா அந்த ஃபிரிட்ஜ் ஒடம்பு பூரா ஃபேஸ் ஏறிடும். குழந்தைங்க தண்ணி பாட்டில் எடுக்க கதவத் தொறக்குற எடம் அது. அந்தத் துண்டை இன்னும் என் டூல் பையில வெச்சிருக்கேன், எர்த்து எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

அதனால வர்ற ஆளை எர்த்தை மீட்டர் வெச்சு அளந்து காட்டச் சொல்லுங்க, 5 ஓமுக்குள்ள இருந்தா நல்லது. கரியும் உப்பும் போட்ட பழைய எர்த்துக் குழின்னா வெயில் காலத்துல வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. அந்தக் காலத்துல தண்ணிக் குழாயில எர்த்தைக் கட்டியிருப்பாங்க, இடையில குழாயை பிவிசியா மாத்தியிருந்தா எர்த்து அன்னிக்கே போச்சு.

ஸ்டெப் 6: இப்ப முடிவு எடுங்க

ஒயர் நல்ல செம்பு, சைஸும் சரி, எம்சிபி இருக்கு, ஆனா ஆர்சிசிபி இல்ல: அதை மட்டும் சேத்துக்கலாம், அரை நாள் வேலை. ஒயர் சரி, போர்டு பீங்கான் கட்டை: டிபி மாத்தி, ஏசி கீசருக்கு மட்டும் தனி லைன் இழுத்தா போதும். ஒயர் தோல் உதிருது, இல்ல அலுமினியம்: ரீவயரிங். மொத்தமா முடியாட்டி சமையக்கட்டு, பாத்ரூம், ஏசி லைனை இந்த வருஷம் பண்ணுங்க, தண்ணியும் பெரிய லோடும் இருக்குற எடம் அதுதான். கருகல், மீன் வாசம், ஷாக், நியூட்ரல் கோளாறு: இதுக்கெல்லாம் நல்ல நாள் பாக்காதீங்க.

அந்த அம்மாவும், "நாப்பது வருஷமா ஒண்ணும் ஆகலையேப்பா"ன்னுதான் கேட்டாங்க. அந்தக் கருகுன கட்டைய அவங்க கையில குடுத்தேன், கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு மகனுக்குப் போன் போட்டுட்டாங்க.

ஆளு வேலைக்கு வந்தப்புறம்

மின் உரிமம் வழங்கும் வாரியத்தோட வயர்மேன் தகுதிச் சான்று இருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க. எம்சிபி, ஆர்சிசிபி எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரையோட பில்லு போட்டு வாங்குங்க, டூப்ளிகேட் நெறைய சுத்துது. டிபில இப்ப தேவைப்படுறதைவிட நாலு எடம் காலியா விடச் சொல்லுங்க, நாளைக்கு சோலார், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர்னு வரும். மோட்டாருக்கும் ஏசிக்கும் 'சி' வகை எம்சிபி. பழைய ஒயர் எதையாவது அப்படியே வெச்சுக்கிட்டா மெக்கர் (ஒயர் தோல் கரண்டு கசியாம தாங்குதான்னு அளக்குற மீட்டர்) வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டுனா அந்த லைனை நம்பாதீங்க.

ஆர்சிசிபி மாட்டுன அன்னிக்கே டப்பு டப்புன்னு விழும், பழைய வீட்ல இது ரொம்ப சகஜம், பயப்படாதீங்க. இன்வெர்ட்டர் நியூட்ரலும் ஈபி நியூட்ரலும் எங்கயோ கலந்திருக்கும், இல்லன்னா ரெண்டு லைனுக்கு ஒரே நியூட்ரலைக் குடுத்திருப்பாங்க, இல்ல கீசர் காயில்ல கரண்டு லீக் ஆகும். ஒவ்வொரு லைனா கழட்டி மாட்டித் தேடணும், ஒரு நாள் கூட ஆகலாம், அதுக்கான கூலிய மொதல்லயே பேசிடுங்க. "இது சும்மா தொந்தரவு சார், பைபாஸ் பண்ணிடுறேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க, அது விழுறதே வீட்ல எங்கயோ கோளாறு இருக்குன்னு காட்டத்தான்.

வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு எம்சிபிக்கும் கீழ எந்த லைன்னு எழுதி ஒட்டுங்க, எலக்ட்ரீஷியன் கையெழுத்துல இல்ல, வீட்ல இருக்குறவங்க சொல்ற பேர்ல. அந்த அம்மா "கொல்லப்பக்கம் மோட்டார்", "சாமி ரூம்", "பெரியவன் ஏசி"ன்னு அவங்களே எழுதி செலோ டேப் ஒட்டியிருக்காங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எதை எறக்கணும்னு அவங்களுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல. மாசம் ஒண்ணாந்தேதி ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை ஒருதரம் அமுக்குங்க, டக்குன்னு விழணும். விழலைன்னா அன்னிக்கே ஆளைக் கூப்பிட்டு மாத்துங்க.